அடுக்களையில் தொடங்கும் தூய்மை



 விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய களைப்பையும் பொருட்படுத்தாமல் இம்மண்டபத்தில் கூடியிருக்கும் உங்கள் ஆர்வத்தை நாம் பெரிதும் பாராட்டுகின்றோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நாள்தோறும் மூன்று வேளையும் நம் கண்முன் இருப்பதாகும். அது நம் வீட்டு அடுக்களை.

சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆலைகளின் புகைபோக்கிகளும் பட்டணத்து நெரிசலும் நம் நினைவுக்கு வருகின்றன. தோட்டத்தில் வாழும் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பலர் எண்ணுகின்றனர். சுற்றிலும் மரங்கள் நிற்கின்றன, ஓடை ஓடுகின்றது, நமக்கு என்ன குறை என்று கேட்கின்றனர். அவர்களிடம் நாம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க விரும்புகின்றோம். நம் அடுக்களையிலிருந்து ஒரு நாளில் வெளியேறும் பொருள்கள் எங்கே போகின்றன?

புகை கூரை வழியே போகின்றது என்கிறோம். எண்ணெயும் கழுவிய நீரும் சாக்கடையில் போகின்றன என்கிறோம். மிஞ்சிய சோறும் பையும் தகர டப்பாவும் குப்பைக்குப் போகின்றன என்கிறோம். உண்மையில் இவற்றுள் எதுவும் நம்மை விட்டுத் தொலைவாகப் போவதில்லை. புகை முதலில் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகின்றது. எண்ணெய் சாக்கடையை அடைத்து நம் வாசலிலேயே நாற்றமாக நிற்கின்றது. தகர டப்பா மழைநீரைத் தேக்கிக் கொசுவை வளர்த்து நம் படுக்கைக்கு அனுப்புகின்றது. வெளியே எறிந்தது வீட்டுக்கே திரும்பி வருகின்றது என்னும் இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், அடுக்களையில் எதை மாற்றவேண்டும் என்பது தானே விளங்கும்.

அடுப்பும் புகையும்

முதலில் அடுப்பைக் காண்போம். எரிவாயு அடுப்பு இன்று நம்மிடையே பரவியுள்ளது. ஆயினும் வெந்நீர் வைப்பதற்கும், விருந்து நாள்களில் பெரிய பாத்திரத்தில் சமைப்பதற்கும், வாயுத் தோம்பு தீர்ந்துபோன நாள்களிலும் விறகடுப்பை மூட்டுவோர் உண்டு. விறகு தீய பொருளன்று. மறுநடவுக்காக வெட்டப்படும் முதிர்ந்த பால்மரத்தின் விறகு, நன்கு காய்ந்திருந்தால் நன்றாகவே எரியும். ஈர விறகும், காற்றோட்டமில்லாத அறையும் சேரும்பொழுதுதான் கேடு விளைகின்றது. ஈர விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகின்றது. எரியாமல் எஞ்சுவது புகையாக வெளிவருகின்றது.

இப்புகையைக் கண்ணெரிச்சலோடு போய்விடும் சிறு தொல்லையாகக் கருதுதல் தவறு. 2020ஆம் ஆண்டில் மட்டும், வீட்டுக்குள் எரிக்கப்படும் விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் உண்டாகும் காற்று மாசினால் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பை ஊதும் தாய்மார்கள் இவ்வெண்ணிக்கையை நினைவிற் கொள்ளவேண்டும். வளரும் நுரையீரலுக்குப் புகை செய்யும் தீங்கு பெரியோருக்குச் செய்வதைக் காட்டிலும் மிகுதியாகும்.

ஆகவே, விறகைச் சிறு பிளவுகளாகப் பிளந்து, மழை படாதவாறு இறவாரத்தின் கீழ்க் காற்றுப் புகும்படி அடுக்கிப் பல வாரங்கள் காயவிடல் வேண்டும். சன்னலையும் பின்கதவையும் திறந்து வைத்தே அடுப்பு மூட்டல் வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கப் பழைய சைக்கிள் டயர்த் துண்டையும் ஒட்டுப்பாலையும் பயன்படுத்தும் வழக்கத்தை அடியோடு கைவிடவேண்டும். அவை எளிதில் பற்றும் என்பது உண்மையே. ஆனால் அவற்றின் கரும்புகையில் கந்தக வாயுவும் வேறு நச்சுப் பொருள்களும் உள்ளன. அப்புகை சோற்றுப் பானையின் மீதும் படிகின்றது. காய்ந்த தென்னம்பாளை, தேங்காய் நார், சிரட்டைத் துண்டு ஆகியவை அவ்வேலைக்குப் போதும். சாயம் பூசிய பலகையையும், பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஏற்றிய பலகையையும் அடுப்பில் வைத்தல் ஆகாது.

எரிவாயு அடுப்பு உள்ளோருக்கும் கவனம் வேண்டும். சுடர் நீல நிறமாய் இருத்தல் வேண்டும். மஞ்சளாய் எரிந்தால் வாயு முழுமையாக எரியவில்லை என்பது பொருள்; அடுப்பின் துளைகளைத் துப்புரவு செய்யவேண்டும். சட்டியின் அடியைத் தாண்டி வெளியே பரவும் சுடர் வீணே எரிகின்றது. மூடி போட்டுச் சமைத்தல், பருப்பையும் கடலையையும் முன்னிரவிலேயே ஊறவைத்தல், பாதி வெந்த கொண்டைக்கடலையைக் கொதிக்கும் நிலையிலேயே இறக்கி மூடிச் சாக்குத் துணியாற் சுற்றி வைத்து, பின்னர் மீண்டும் நன்கு கொதிக்கவைத்து வேகவைத்தல் ஆகிய மூன்றும் நம் பாட்டிமார் அறிந்த வழிகளே.

இதில் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு ஓர் எளிய சோதனையைக் கூறுகின்றோம். புதிய 14 கிலோ வாயுத் தோம்பை மாட்டும் நாளன்று அதன் மீது சுண்ணக்கட்டியால் தேதியை எழுதுங்கள். தீரும் நாளையும் குறியுங்கள். அடுத்த தோம்புக்கு மேற்சொன்ன பழக்கங்களைக் கடைப்பிடித்து, நாள்களை மீண்டும் எண்ணுங்கள். விடையை உங்கள் அடுப்பே கூறும்.

பையும் பாத்திரமும்

இனி, பொருள்களை வைக்கவும் கொண்டுவரவும் நாம் பயன்படுத்துவனவற்றைப் பார்ப்போம். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு மூன்று பிளாஸ்டிக் பைகளை வீட்டுக்குக் கொண்டுவருகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அது 1,095 பைகளாகும். அறுபது குடும்பங்கள் வாழும் தோட்டத்தில் 65,700 பைகள். அரை மணி நேரமே பயன்பட்ட இவை மக்கி மண்ணாவதில்லை. மழை வெள்ளத்தில் ஓடைக்குச் செல்கின்றன, மதகை அடைக்கின்றன, சிதைந்து நுண்துகள்களாகி நீரிலும் மண்ணிலும் கலக்கின்றன.

பினாங்கு மாநிலம் 2009ஆம் ஆண்டிலேயே இலவசப் பைகளைக் குறைக்கும் முயற்சியைத் தொடங்கியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிக்கும் நோக்கத்துடன் நடுவண் அரசாங்கம் 2018ஆம் ஆண்டில் ஒரு திட்ட வரைவை வெளியிட்டது. சட்டமும் திட்டமும் ஒரு பக்கம் இருக்க, சந்தைக்குப் போகும்பொழுது ஒரு துணிப்பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கு எவருடைய அனுமதியும் நமக்குத் தேவையில்லை. மீனுக்கும் கோழிக்கும் மூடியுள்ள ஒரு பாத்திரத்தைக் கையோடு கொண்டு செல்லலாம்.

இதில் உடல்நலமும் அடங்கியுள்ளது. கொதிக்கும் குழம்பையும் சூடான தேநீரையும் மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டி வாங்கிவரும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. சூடும் எண்ணெய்ப்பசையும் சேரும்பொழுது பிளாஸ்டிக்கில் உள்ள சில பொருள்கள் உணவில் இறங்கக்கூடும். பாலிஸ்டிரீன் என்னும் வெண்ணுரைப் பெட்டிக்கும் இது பொருந்தும். முன்பு வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு சென்ற அடுக்குச் சட்டியை மீண்டும் பரணிலிருந்து இறக்குங்கள். அது இருபது ஆண்டுகள் உழைக்கும். பெட்டியோ இருபது நிமிடங்களில் குப்பையாகும்.

பாத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் சில விதிகள் உண்டு. எவர்சில்வர் பாத்திரம் நீண்டகாலம் உழைக்கும். புளிப்பு அதனை எளிதில் அரிக்காது. புளிக்குழம்பையும் ரசத்தையும் ஊறுகாயையும் அலுமினியப் பாத்திரத்தில் நெடுநேரம் வைத்தல் கூடாது; புளிப்பு அலுமினியத்தைக் கரைத்து உணவிற் சேர்க்கும். அவற்றுக்கு மண்சட்டியோ கண்ணாடிப் போத்தலோ ஏற்றது. மெலமைன் தட்டுகளில் கொதிக்கும் புளிப்பு உணவை இடுதலும், அவற்றை அடுப்பருகே சூடேற்றுதலும் தவிர்க்கத் தக்கவை. அகப்பைக்குச் சிரட்டையும், விருந்துக்கு வாழையிலையும், துலக்குவதற்குத் தேங்காய் நாரும் சாம்பலும் இருக்க, இவற்றுக்காகப் பணம் செலவிடத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இயற்கைக்கு உகந்தது என்று முத்திரை குத்திய விலை உயர்ந்த பொருள்கள் இன்று கடைகளில் வந்துள்ளன. அவற்றை வாங்குவதற்காக வீட்டிலுள்ள நல்ல பொருளை எறிந்துவிடுதல் சிக்கனமும் அன்று, சூழல் காப்பும் அன்று. ஏற்கெனவே உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அரிசி, பருப்பு, மிளகாய் போன்ற உலர்ந்த பொருள்களை வைத்து, அது உடையும் வரை பயன்படுத்துங்கள். இருப்பதை நெடுநாள் பயன்படுத்துவதே குப்பையைக் குறைக்கும் முதல் வழி.

அடுக்களைக்குள் நுழையக்கூடாதவை

பழையதைப் பயன்படுத்துங்கள் என்று நாம் கூறியதற்கு ஒரு விலக்கு உண்டு. அதனை அழுத்தந்திருத்தமாகக் கூற விரும்புகின்றோம். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வந்த தோம்புகளும், பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலம் வந்த கலங்களும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் வருதல் கூடாது. அவை உறுதியானவை, மூடி உடையவை, தண்ணீர் பிடிக்க வசதியானவை. அதனாலேயே அவை ஆபத்தானவை. பிளாஸ்டிக் கலத்தின் உட்சுவரில் மருந்து ஊறியிருக்கும். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் முழுமையாக நீங்காது. வாடை போய்விட்டது என்பதால் நஞ்சு போய்விட்டது என்று கொள்ளலாகாது.

நம் தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிய பாரகுவாட் என்னும் களைக்கொல்லி, 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. சிறிதளவு உட்கொண்டாலும் உயிரைப் பறிக்கக்கூடிய அந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. அத்தகைய பழைய தோம்பு எதுவும் வீட்டுப் பின்புறத்தில் கிடந்தால், அதைத் தொட்டு விளையாடப் பிள்ளைகளை விடாது, உடனே நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். மற்ற மருந்துக் கலங்களைத் தெளிக்கும் இடத்திலேயே மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பின்னர் அவற்றைத் துளையிட்டு மருந்துக் கொட்டகையில் ஒப்படைப்பதே முறை. மீதமுள்ள மருந்தைப் பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருதல் பெருங்குற்றத்திற்கு ஒப்பாகும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் போத்தலில் இருப்பது இன்னதென்று தெரியாது.

எண்ணெயும் நீரும்

பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுதல் நம்மிடையே உள்ள மற்றொரு வழக்கம். செம்பனை எண்ணெய் குளிர்ந்தவுடன் உறையும் இயல்புடையது. அது சோற்றுப் பருக்கைகளோடு சேர்ந்து குழாயையும் வாய்க்காலையும் அடைக்கின்றது. ஓடை நீரின் மேல் படலமாகப் படர்ந்து, காற்று நீருக்குள் செல்வதைத் தடுக்கின்றது. அவ்வெண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடேற்றிப் பொரித்தலும் கேடு. நிறம் கறுத்து, நுரைத்துப் புகையும் எண்ணெயில் உடலுக்குத் தீங்கான பொருள்கள் உண்டாகியிருக்கும். எனவே, அளவாக ஊற்றிப் பொரியுங்கள். எஞ்சிய பழைய எண்ணெயை ஆறவிட்டு, வடிகட்டி, ஒரு தனிக் கலத்தில் சேர்த்து வையுங்கள். எரிபொருள் செய்வதற்காகப் பழைய எண்ணெயை விலைக்கு வாங்குவோர் நம் நாட்டில் உள்ளனர். பல குடும்பங்கள் சேர்ந்து சேர்த்தால் விற்பது எளிது. எண்ணெய்ப்பசை உள்ள சட்டியைப் பழைய தாளால் துடைத்துவிட்டுக் கழுவினால் சவர்க்காரமும் நீரும் மிச்சமாகும்.

அரிசி கழுவிய நீரையும் காய்கறி அலசிய நீரையும் கீரைப் பாத்திக்கு ஊற்றலாம். குழாய் சொட்டுகின்றதா என்பதை அறிய, இரவில் அதன் கீழ் ஒரு வாளியை வைத்து, காலையில் எவ்வளவு நிறைந்துள்ளது என்று பாருங்கள்.

தேங்கும் நீரைப் பற்றியும் ஒரு சொல். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சிறு கலங்களில் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகின்றது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள்கள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே, வாரம் ஒரு முறை அடுக்களையின் உள்ளும் புறமும் சுற்றிவந்து, தகர டப்பா, சிரட்டை, உடைந்த மங்கு, பூச்சட்டித் தட்டு, பாத்திர அடுக்கின் கீழுள்ள தட்டு ஆகியவற்றைக் கவிழ்த்து விடுங்கள். நீர்த் தோம்பின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். பால் எடுக்காத மரத்தில் மங்கைக் கவிழ்த்து வைக்கும் வழக்கம் வீட்டுக்கும் பொருந்தும்.

எச்சமும் எருவும்

2012ஆம் ஆண்டில் நம் நாட்டு வீட்டுக் குப்பையை ஆராய்ந்தபொழுது, அதில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவாகவும், 13 விழுக்காடு பிளாஸ்டிக்காகவும் இருக்கக் கண்டனர். ஏறத்தாழப் பாதிக் குப்பை உணவே என்பது நம்மைத் தலைகுனியச் செய்யும் செய்தி. அந்த உணவு குப்பைமேட்டின் அடியில் காற்றின்றி அழுகும்பொழுது மீத்தேன் என்னும் வாயு பிறக்கின்றது. அது நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் ஆற்றலுடையது.

முதற்கடமை, வேண்டிய அளவே சமைப்பது. அடுத்து, மீந்ததை வீணாக்காதது. அதன் பின்னும் எஞ்சும் காய்கறித் தோல், வாழையிலை, தேயிலைச் சக்கை, முட்டையோடு ஆகியவற்றை எருவாக்கலாம். இதற்கு வேண்டிய முக்கியப் பொருள் நமக்கு இலவசமாகவே கிடைக்கின்றது. ஆண்டின் முதல் மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கும்பொழுது, அச்சருகுகளைச் சாக்குகளில் சேர்த்து வையுங்கள். அடிப்புறம் துளையிட்ட வாளியிலோ, ஆழமில்லாத குழியிலோ ஒரு பங்கு சமையற் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு சருகு என்று மாற்றி மாற்றி இட்டு, மேலே சிறிது மண் தூவி, வாரம் ஒரு முறை கிளறி, மழை படாமல் மூடுங்கள். பிழிந்த துணிபோல் ஈரம் இருந்தால் போதும். இறைச்சி, மீன், எலும்பு, எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்கவேண்டாம், எலி வரும். இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள கருநிற எரு கிடைக்கும். கறிவேப்பிலை, முருங்கை, பசளைக்கீரை, மிளகாய் ஆகியவற்றுக்கு அதைவிட நல்ல உரம் வேறில்லை.

எஞ்சியுள்ள தாள், தகரம், போத்தல், பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தனித்தனியே வையுங்கள். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்ற பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களிலும் கோலாலம்பூர், புத்ராஜெயாவிலும், 2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. குப்பையை வீட்டின் பின்புறம் குவித்துக் கொளுத்துதலை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கின்றது. சட்டத்திற்கு அஞ்சாதவரும் புகைக்கு அஞ்சவேண்டும். பிளாஸ்டிக்கில் சில வகைகள் எரியும்பொழுது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகின்றது.

யாருடைய கடமை?

இவ்வளவும் கேட்ட தாய்மார்கள், எல்லாப் பாரமும் எங்கள் தலையில்தானா என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விறகு பிளத்தல், சாக்கடையைத் துப்புரவு செய்தல், குழி தோண்டுதல், வாரம் ஒரு முறை கலங்களைக் கவிழ்த்தல் ஆகியவை ஆண்களும் பிள்ளைகளும் செய்யவேண்டிய பணிகள். அதிகாலை வேலைக்குப் போகும் பெண்ணே வீட்டுத் தூய்மைக்கும் தனியே பொறுப்பேற்கவேண்டும் என்பது முறையாகாது.

நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. 1990ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற பணியாளர் வீடமைப்புத் தரச் சட்டம், தோட்ட வீடுகளுக்குக் குழாய் நீரும் மின்சாரமும் தருவதையும் கட்டிடங்களைப் பழுது பார்ப்பதையும் முதலாளியின் பொறுப்பாக்கியுள்ளது. குழாயில் நீர் ஒழுங்காக வராவிட்டாலும், அடுக்களைக் கூரை ஒழுகினாலும் நீங்கள் கூட்டாகவும் பணிவாகவும் எழுத்து மூலமாகவும் முறையிடலாம். அது சலுகை கேட்பதாகாது. சட்டம் தந்த உரிமையைக் கேட்பதாகும்.

பெருமக்களே! கூறியவை அனைத்தையும் நாளையே செய்துவிட முடியாது. மூன்றை மட்டும் இவ்வாரத்தில் தொடங்குங்கள். வீட்டிலுள்ள மருந்துக் கலத்தை, ஒன்றேயாயினும், வெளியேற்றுங்கள். டயர்த் துண்டால் அடுப்பு மூட்டுவதை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளோடு வீட்டைச் சுற்றிவந்து, நீர் தேங்கிய கலங்களைக் கவிழ்த்து விடுங்கள். இம்மூன்றுக்கும் ஒரு காசும் செலவில்லை. இவை பழகிய பின்னர், எருக்குழியும் துணிப்பையும் தாமாகவே வந்து சேரும்.